கீழ்வீட்டுக் கூரையில் இரண்டு கால்கள்

மாடி வீட்டுக்காரரின் வலது கால் பெருவிரல் கீழ்வீட்டுக் கூரையைத் தாண்டி வெளியே வந்தபோது, கீழ்வீட்டு அம்மா அதைப் பல்லி என்று நினைத்து விளக்குமாற்றால் தட்டினார். பல்லி ஓடவில்லை, மடங்கிக்கொண்டது. மறுநாள் பக்கத்தில் இன்னொன்று வந்தது. வாரக் கடைசியில் முழுப் பாதமும் இறங்கிவிட, பல்லிக்கு இத்தனை அகலம் கிடையாது என்று முடிவுசெய்து, அவர் மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினார். "உங்க வீட்டுல யாராவது கீழே வந்துட்டு இருக்காங்களா?" என்று கேட்டார். கதவைத் திறந்த பெண், "ஆமாங்கம்மா, எங்க வீட்டுக்காரர்தான். வேலை தேடிட்டு இருக்காரு" என்றாள். கீழ்வீட்டு அம்மா தலையை ஆட்டிவிட்டு இறங்கிப்போனார்.

மாடி வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் பல வருஷம் குப்பை கொட்டியவர். வங்கி, மருத்துவமனை, கடை என்று எல்லோருடைய வாடிக்கையாளர்களுக்கும் கைப்பேசியில் தானாகச் செய்தி போகும்படி செய்கிற சாஃப்ட்வேர் அவர் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் கம்பெனி அந்தப் பிரிவையே மூடியது. இனிமேல் யாருக்குக் கீழேயும் உட்கார மாட்டேன், சொந்தமாக ஒப்பந்த வேலை எடுக்கப்போகிறேன் என்று அவர் அறிவித்தார். நண்பர்கள் கைகுலுக்கினார்கள். வேலை கொடுப்பவர்களும் செய்பவர்களும் சந்திக்கும் இணையதளம் ஒன்றில் பெயரைப் பதிந்தார். அங்கே எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இதற்கு முன் யாருக்குச் செய்தீர்கள், அவர்கள் உங்களைப் பற்றி என்ன சொன்னார்கள்? அவர் செய்ததெல்லாம் கம்பெனி பெயரில் இருந்தது. அவர் பெயரில் ஒன்றுமே இல்லை. முதல் ஒப்பந்தம் கிடைக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் முடித்திருக்க வேண்டும். "நல்லவேளை, பொண்ணு கேட்டு வந்தப்ப நாங்க முன் அனுபவம் கேக்கல மாப்பிள்ளை" என்று மனைவியின் அண்ணன் போனில் சிரித்தார்.

அனுப்பிய விண்ணப்பங்களுக்குக் காலையில் பதில்கள் வரும். 'வேறொருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.' ஒவ்வொரு நன்றிக்கும் அவர் தரைக்குள் கொஞ்சம் இறங்கினார். ஆரம்பத்தில் செருப்பு ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தார். கணுக்கால் வரை காலை உருவிக்கொள்ள முடிந்தது. முழங்கால் போனபிறகு முடியவில்லை. வீட்டு உரிமையாளர் ஒரு கட்டட இன்ஜினீயரைக் கூட்டிவந்தார். இன்ஜினீயர் தரையைத் தட்டினார், கீழே போய்க் கூரையைத் தட்டினார். விரிசல் இல்லை. "கம்பியெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு. ஆள்தான் கனமாயிட்டாரு" என்றார். கிளம்பும்போது மனைவியைத் தனியே அழைத்து, இடுப்பைத் தாண்டினால் நிற்காது, மொத்தமாகப் போய்விடுவார் என்று சொன்னார். கீழ்வீட்டுக்குக் கீழே வீடு இல்லை, மண்தான்.

மனைவி மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். குளிப்பதும் மற்றதும் எப்படி நடந்தது என்று கேட்பவர்கள் உண்டு. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துப் பழகியவளுக்கு அது ஒரு வேலையில்லை. அவர் இறங்க இறங்க, மேஜைக் கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கினாள். சாயங்காலம் அவர் முகத்துக்கு நேராகத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "இன்னிக்கு எப்படி?" என்பாள். "பரவாயில்ல, ஒண்ணு ரெண்டு நல்லா வர்ற மாதிரி இருக்கு" என்பார் அவர். அந்த நேரத்தில் கீழே பத்து விரல்களும் சுருண்டுகொள்ளும். முகத்துக்கு வந்த பொய் காலுக்கு வரவில்லை. கீழ்வீட்டு அம்மா சாப்பாட்டுத் தட்டோடு நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணன் மறுபடி அழைத்தார். "மாப்பிள்ளை, எங்க குடோன்ல ஒரு இடம் காலியா இருக்கு. தரைத்தளம். அதுக்கு மேல இறங்க வழியில்ல." மாடி வீட்டுக்காரர் சிரித்து மறுத்தார். போனை வைத்ததும் மனைவி, "வெளிய வர முடியுமான்னு முதல்ல பாருங்க, போறதப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றாள். தரை அப்போது தொடையின் மேல்பாதிக்கு வந்திருந்தது.

மறுநாள் மாடிப்படியில் கீழ்வீட்டு அம்மா அவளை நிறுத்தினார். "உன் வீட்டுக்காரரோட காலு தினமும் காலையில அழுவுதும்மா. என்னால பாத்துக்கிட்டு உக்கார முடியல. எங்கிட்ட ஒரு வேலை இருக்கு, செய்வாரா கேளு."

கீழ்வீட்டு அம்மாவின் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கடையும் மூடியாகிவிட்டது. ஆனால் உயிரோடு இருக்கையில் அவர் ஏற்பாடு செய்த செய்திகள் வாடிக்கையாளர்களுக்குப் போய்க்கொண்டே இருந்தன: 'கண் பரிசோதனைக்கு நேரம் வந்துவிட்டது. அலட்சியம் வேண்டாம். இப்படிக்கு, உங்கள் கண்ணாடிக்காரர்.' செய்தியைப் பார்த்துக் கடைக்கு வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் ஒரு தடவை கணவரைச் சாகடிக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கும் அதே செய்தி வந்தது. "போனவர் போனவராவே இருக்கட்டும் தம்பி. அதை நிறுத்திக் குடுங்க" என்று கீழிருந்து பாதத்தைப் பார்த்துச் சொன்னார். மாடி வீட்டுக்காரர், "செஞ்சிடலாம்மா" என்றார். அதுதான் அவருடைய முதல் ஒப்பந்தம். அன்று வந்த நன்றிகள் எதற்கும் அவர் இறங்கவில்லை.

செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரரின் சர்வருக்குள் நுழைவது கஷ்டமாக இல்லை. கடவுச்சொல் கீழ்வீட்டு அம்மாவின் பெயர். எதையும் நிறுத்துவதற்கு முன், சரியான இடத்தில்தான் இருக்கிறோமா என்று தன் எண்ணுக்கு மட்டும் ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்ப்பது அவர் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். தன் எண்ணைச் சேர்த்தார். மற்ற எண்களை நீக்க மறந்தார். முதல் வேலையைக் கெடுத்துவிடக் கூடாது என்ற பதற்றத்தில் செய்கிற தவறு அது. 'சோதனை. கிடைத்ததா?' என்ற கேள்வி, இறந்துபோன கண்ணாடிக்காரரின் பெயரில், அவர் கண் பார்த்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

பதில்கள் வரத் தொடங்கின. 'கிடைச்சுது அண்ணே.' 'இப்ப எங்க கடை போட்டிருக்கீங்க?' 'நீங்க போட்டுக் குடுத்த ஃபிரேம் இன்னும் உடையல.' ஒரு கிழவர், 'அங்க எல்லாம் தெளிவாத் தெரியுதா?' என்று கேட்டிருந்தார். யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. கடைசியாகக் கீழ்வீட்டு எண்ணிலிருந்து ஒன்று வந்தது. 'கிடைச்சுது. சாப்பிட்டீங்களா?'

மாடி வீட்டுக்காரருக்கு அதற்குமேல் படிக்க முடியவில்லை. கீழே அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வது பாதங்களில் அதிர்வாகத் தெரிந்தது. வெகுநேரம் கழித்து விளக்குமாற்றின் பிடி உள்ளங்காலைத் தொட்டது.

"தம்பி, நிறுத்திட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"சரி. கொஞ்சம் பொறுத்துப் பண்ணுங்க. அவசரமில்ல."

அவர் பொறுத்தார். கண்ணாடிக்காரர் பெயரில் ஒரு வார்த்தை தட்டிவிட்டால் போதும், கீழே ஒரு மனுஷி நிம்மதியாகிவிடுவாள் என்பது அவருக்குத் தெரியும். தொழில் தர்மம் என்று ஒன்று இருப்பதும் தெரியும். மனைவி வந்து டீ கொடுத்தாள். சூட்டுக்காக இரண்டு கைகளாலும் டம்ளரைப் பிடித்திருந்தபோது, யாரும் தட்டாமலே திரையில் எழுத்துகள் விழுந்தன: 'சாப்பிட்டாச்சு. நீ கண்ணைக் காட்டுனியா?' டம்ளர் அவர் கையில்தான் இருந்தது என்பதை மனைவியும் பார்த்தாள். கீழே கைப்பேசி ஒலித்தது. கொஞ்ச நேரத்தில் விளக்குமாறு மறுபடி வந்தது. தட்டியது மெதுவாக இருந்தது.

"இப்ப நிறுத்துங்க தம்பி."

நிறுத்தினார். அதன் பிறகு கண்ணாடிக்காரர் பெயரில் யாருக்கும் எதுவும் போகவில்லை. கீழ்வீட்டு அம்மா கைப்பேசியைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த நாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். கணவர் போனதிலிருந்து அவர் யாரிடமும் கண்ணைக் காட்டியிருக்கவில்லை. பெருவிரல் பல்லியாகத் தெரிந்தது அதனால்தான். புதுக் கண்ணாடி போட்டு வந்து முதல் வேலையாக நிமிர்ந்து பார்த்தார். "நகமெல்லாம் என்ன இப்படி வளந்து கெடக்கு" என்று முக்காலி போட்டு ஏறி, பத்து விரலுக்கும் நகம் வெட்டினார். வெட்டிக்கொண்டே அழுதார் என்பது மேலே இருந்தவருக்குத் தெரிந்தது, ஏனென்றால் அம்மாவின் கன்னம் பட்டுப் பாதம் நனைந்தது. இணையதளத்தில் அவர் பெயருக்குக் கீழே முதல் பாராட்டை அம்மா சொல்லச் சொல்ல மனைவி பதிந்தாள்: 'சொன்ன வேலையை முடித்தார். பொறுக்கச் சொன்னால் பொறுக்கிறார். காலை மட்டும் கொஞ்சம் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம்.'

அதைப் படித்துவிட்டு இரண்டாவது ஆள் வேலை கொடுத்தார், பிறகு மூன்றாவது ஆள். வருஷங்கள் போயின. அவர் இடுப்பைத் தாண்டி இறங்கவில்லை. மேலே வரவும் இல்லை. தரை இறுகிவிட்டது என்றார் இன்ஜினீயர். மனைவி தினமும் வேலை முடிந்து வந்ததும் முதலில் கீழ்வீட்டுக்குள் நுழைந்து, முக்காலியில் ஏறி விரல்களைப் பார்ப்பாள். அன்று எப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு, பிறகுதான் மாடியேறி முகத்தைப் பார்ப்பாள். அவர் தரைமேல் நின்று அவள் பார்த்தது எப்போது என்பது இருவருக்குமே மறந்துபோனது. கட்டிலில் ஒரு பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்க்க மாட்டாமல், அவள் தரையில் அவர் கையெட்டும் தூரத்தில் பாய் விரித்துக்கொண்டாள்.

ஒரு மழைக்காலத்தில் கீழ்வீட்டு அம்மா இறந்துபோனார். முதலில் தெரிந்துகொண்டவை மாடி வீட்டுக்காரரின் பாதங்கள்தான். காலையில் மூட்டும் அடுப்பின் சூடு அன்று மேலே வரவில்லை. உரிமையாளர் வீட்டைப் பூட்டினார். பார்க்க வருகிறவர்களிடம் குழாய், மின்விசிறி, ஜன்னல் எல்லாம் காட்டிவிட்டு, "அப்புறம் ஒரு ஜோடி காலு இருக்கு. தொந்தரவு பண்ணாது" என்று சொல்லிவந்தார்.

வீடு காலியாக இருந்த அந்த நாட்களில் ஒரு மதியம், மாடி வீட்டுக்காரரின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. என்றோ அவரே நிறுத்திய சர்வரிலிருந்து, அவர் தன் கையால் சேர்த்து, நீக்காமல் விட்ட எண்ணுக்கு. 'நகம் வளர்ந்திருக்கும். அலட்சியம் வேண்டாம். இப்படிக்கு, கண்ணாடிக்காரர் வீட்டில்.'

அவர் அதை மனைவியிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டு, உரிமையாளரிடம் சாவி வாங்கிக்கொண்டு, நகவெட்டியோடு கீழே இறங்கினாள்.