தாழ்ப்பாள் இல்லாத கதவு

அடக்கம் முடித்துத் திரும்பிய கையோடு குளிக்கப் போன சிட்டுவுக்குப் பாட்டு வரவில்லை. தண்ணீரை ஊற்றிக்கொண்டு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

கதவு படாரென்று திறந்தது. அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு துண்டை நீட்டினான்.

"உசுரே போயிடுச்சுடி. ஏன் பாடல?"

"அம்மாவ இப்பத்தான் அனுப்பிட்டு வந்திருக்கோம். என்னத்தப் பாடச் சொல்ற?"

அந்த வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருக்கும்வரை சிட்டு பாடவேண்டும். பாட்டு நின்றால் வலிப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே ஸ்டூல் போட்டு அம்மா காவல் இருப்பாள். சுருதி விலகினால் திட்டு வேறு விழும். நல்ல கூத்து!

அம்மாவுக்கும் இதே வலிப்புதான். மாத்திரையாக விழுங்கிப் பாதி ஆயுள் போன பிறகுதான் ஆபரேஷன் என்ற பேச்சையே எடுத்தார்கள். மொட்டையடித்து, மண்டை ஓட்டைத் திறந்து, காதோரம் கொக்கி மாதிரி ஒரு தழும்பை வைத்து அனுப்பினார்கள். வலிப்பு போயே போனது. உடம்பு தேறியதும் அம்மா முதல் வேலையாகக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் வைத்தாள். பின்னால் சிட்டுவுக்கு வலிப்பு தொடங்கியபோது அதைக் கழற்றி எறிந்ததும் அவளேதான்.

இப்போது காலம் மாறிவிட்டது. இரண்டு வகை மாத்திரைக்கும் கேட்கவில்லையா, காத்திருக்காதே, வா என்கிறார்கள். சிட்டுவுக்கு வருகிற திங்கட்கிழமை. மண்டையில் சின்னத் துளை, அதன் வழியே மெல்லிய லேசர் இழை. வலிப்பு கிளம்பும் இடத்தை மட்டும் சுட்டுவிடுவார்களாம். "இது போதலன்னா பழைய வழி இருக்கவே இருக்கு" என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

பாதிக் குளியலோடு வெளியே வந்தவளைப் பெரியம்மா பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமையாவது ஒண்ணாவது. என் தங்கச்சிய வச்ச மண்ணு இன்னும் காயல. ஒரு வருஷம் போகட்டும். இன்னொண்ணத் தூக்கிக் குடுக்க எனக்குத் தெம்பில்ல."

அண்ணன் சுவரோரம் உட்கார்ந்தான். சிட்டு சீப்பைத் தேடி அம்மாவின் கைப்பையைத் திறந்தாள். கடைத்தெருவுக்குப் போன அம்மா அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான். ஆஸ்பத்திரி கொடுத்த பையை இதுவரை யாரும் தொடவில்லை. உள்ளே சீப்பு, கண்ணாடி, காகிதத்தில் பொதிந்த ஒரு பொட்டலம்.

பொட்டலத்தைப் பிரித்தாள். புதுத் தாழ்ப்பாள், திருகாணிகளோடு.

"அம்மா கடைக்கு எதுக்குப் போனான்னு கேட்டீங்களே பெரியம்மா." அதை அவள் மடியில் வைத்தாள்.

பெரியம்மா தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. மூக்கை உறிஞ்சினாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடியே வாங்கிட்டாளா? சின்ன வயசுலேர்ந்தே திமிரு பிடிச்சவ."

"எனக்கும் அந்தத் திமிருதான். பயமாத்தான் இருக்கு. ஆனா திங்கக்கிழமை போறேன்."

அண்ணன் சட்டென்று எழுந்தான். "ஸ்க்ரூ டிரைவர் எடுத்தாரவா?"

"இப்ப வேணாம். வலிப்பு நின்னப்புறம் நானே மாட்டுறேன்."

பெரியம்மா தாழ்ப்பாளைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி, இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டாள்.

"காதுக்குப் பின்னாடி சோப்பு அப்படியே இருக்கு. போய் ஒழுங்காக் குளி."

சிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அம்மாவுக்குப் பிடித்த பாட்டை எடுத்தாள். குரல் உடைந்தது. அழுகை அழுகையாக வந்தது, பாட்டை விடவில்லை.

வெளியே ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"இன்னும் சத்தமா," என்றாள் பெரியம்மா.