பத்திலொன்று கேட்காத பயிர்

1825ஆம் ஆண்டு, கண்டி: விளைச்சலில் பத்திலொரு பங்கை வரியாகக் கொடுப்பதிலிருந்து கோப்பி (காப்பி) விளையும் காணிகளுக்கு ஆங்கிலேய அரசு விலக்களித்தது.

அக்குறணை உதுமான் லெப்பை தம் பொதிமாடுகள் அத்தனையையும் விற்று, தெல்தெனியப் பக்கம் காணி வாங்கிக் கோப்பி நட்டார். மாடுகளில் உப்பும் துணியும் ஏற்றி ஊர் ஊராக விற்றுப் பிழைத்த குடும்பம். காணி பொய்த்தால் வேறு வழியில்லை.

"மாட்ட வித்துட்டீங்களே மச்சான், இனி உப்பு மூட்டய மரத்து மேலயா ஏத்துவீங்க?" என்று மனைவியின் தம்பி காசிம் கேலி செய்தார்.

"சிரிங்க, சிரிங்க. பழம் பழுக்கட்டும்."

மூன்றாம் வருடம் பழம் சிவந்தபோது காசிம் பார்க்க வந்தார். பக்கத்து வயலில் நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. வரிக் குத்தகைக்காரர் வந்து விளைச்சலை மதிப்பிடும்வரை அதில் அரிவாள் வைக்கக் கூடாது. அவர் வருவதற்குள் மழை வந்துவிட்டது. மேட்டிலோ லெப்பை யாரையும் கேட்காமல், பழுத்ததைப் பழுத்த அன்றே பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

காசிம் நனைந்தபடி மேடேறி வந்தார். "வரி மட்டுந்தான் மிச்சம் எண்டு நெனச்சேன் மச்சான். யாருக்கும் காத்துக் கெடக்கவும் தேவல்லயே!"

"கூடயப் புடிங்க முதல்ல."

அந்த விளைச்சல் கொழும்புக்குப் போனது. அடுத்த மழைக்கு முன் காசிமும் தெல்தெனியப் பக்கம் காணி வாங்கினார்.