மூன்றாவது போன்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக் கூட்டத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கம், பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகைக்கு நேர் கீழே, சேர்க்கைப் பிரிவு இயக்குநர் ஹேமநாதன். அவருக்கு வலது பக்கம், மடிக்கணினியைத் திறந்தபடி, விளம்பரம் பார்க்கிற வினோத். இடது பக்கம் ரேகா. போனில் பேசுவதற்கென்றே எடுத்த பெண், குரல் அப்படி. ஏசி சொட்டுகிற இடத்தில் வைத்த வாளிக்குப் பக்கத்து நாற்காலியில் ரகுநாதன். கழுத்து அட்டையில் மூத்த சேர்க்கைக் கவுன்சிலர் என்று போட்டிருந்தாலும், கடைசியாக வருகிறவருக்கு அந்த நாற்காலிதான். கதவோரம், உட்கார்ந்தும் உட்காராமலும், அலமாரிச் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு பத்மா.

பல்கலைக்கழகம் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிறது. சேர்க்கை அலுவலகம் மட்டும் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். கீழே மெட்ரோ வேலை நடப்பதால் ஜன்னலைத் திறக்க முடியாது. மார்ச் மாதம் தொடங்கிய சீசன் இது. இப்போது ஜூலை பாதி. ரகுநாதன் ஒரு நாளைக்குத் தொண்ணூறு போன் பேசுகிறார். மாங்காட்டில் வீட்டுக்குப் போனால் மனைவியிடம் தண்ணீர் கேட்பதற்குக்கூட கையைக் காட்டுவதோடு சரி.

"நூத்தி நாப்பத்தேழு" என்றார் ஹேமநாதன், பின்னால் இருந்த வெள்ளைப் பலகையைப் பார்க்காமலே. "சேர்மன்கிட்ட நூத்தி ஐம்பதுன்னு சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஸ்ட் போகுது. இந்த நேரத்துல ஒண்ணு இறங்கப் பாக்குது. யுவராணி, பட்டாபிராம். யார் புடிச்ச கேஸ்?"

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

"என்னோடதுதான் சார்" என்றார் ரகுநாதன்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. விண்ணப்பம் நிரப்பினாலும் சரி, நிரப்பாவிட்டாலும் சரி, பிள்ளையின் அசல் சான்றிதழ்கள் கைக்கு வந்துவிட்டால் போதும், அது சேர்ந்த கணக்கு. சுவரில் மாட்டிய பித்தளை மணியை ஒரு தட்டுத் தட்டுவார்கள், எல்லாரும் கைதட்டுவார்கள், பெயர் பலகையில் 'உறுதி' என்ற கட்டத்துக்குள் ஏறிவிடும். அசலை இப்படி வாங்கி வைக்கக் கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அதனால் அதற்குப் 'பாதுகாப்பில் வைத்தல்' என்று பெயர்.

மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, வளாகத்தைச் சுற்றிக் காட்டும் நாளில், யுவராணியும் அவள் அப்பா கஜபதியும் அங்கே பார்த்துவிட்டு இந்த அலுவலகத்துக்கு வந்தார்கள். பட்டாபிராம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம் சார்" என்றுதான் முதலிலேயே சொன்னார். ரகுநாதன் அப்போது ஒன்பது நாளாக மணி அடிக்கவில்லை. ஹேமநாதன் இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் போயிருந்தார். "ஜெராக்ஸோட அசலை ஒத்துப் பாத்துட்டுத் தர்றோம்மா" என்று ரகுநாதன் பெண்ணிடம் கையை நீட்டினார். பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று ஐந்தும் பிளாஸ்டிக் உறையோடு வந்தன. கிளம்பும்போது கஜபதி திருப்பிக் கேட்டார். "இங்கயே இருக்கட்டுங்க, பத்திரமா இருக்கும். சீட்டுப் போட்டு வெச்ச மாதிரி" என்றார் ரகுநாதன். அவர் படியிறங்கியதும் மணி அடித்தது. பெண் ஒரு தாளிலும் கையெழுத்துப் போடவில்லை.

இப்போது அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் சுற்றுக் கலந்தாய்வில், திருவள்ளூரைத் தாண்டி ஓர் அரசுக் கல்லூரியில், வேதியியல் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அசலோடு போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

"நம்ம நடைமுறை தெரியும் இல்ல?" என்றார் ஹேமநாதன். "மூணு பேர் போன் பண்ணணும். அப்பவும் வேணாம்னா, ரத்துக் கமிட்டிக்கு வைக்கணும். கமிட்டி அடுத்த செவ்வாய்."

"வெள்ளிக்கிழமையே அவங்களுக்கு..." என்று தொடங்கினார் ரகுநாதன்.

"அதான் சொல்றேன் ரகு. வெள்ளி போயிட்டா அப்புறம் அந்தப் பொண்ணு தானா இங்க வரும். முதல்ல ரேகா, அப்புறம் வினோத், மூணாவது நீங்க. எதுவும் வாட்ஸப்புல டைப் பண்ணாதீங்க. வாயால பேசுங்க, போதும்."

எழுத்தில் எதுவும் தராதே என்பது அந்த அலுவலகத்தின் இன்னொரு வழக்கம்.

ரேகா பேசிவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். "ரகு சார், நான் பத்து நிமிஷம் லேப் பத்திப் பேசுறேன். அவரு எல்லாத்தையும் கேட்டுட்டு, 'நல்லாப் பேசறம்மா, சர்டிபிகேட்டு எப்போ குடுப்பே?'ன்றாரு. மறுபடி பிளேஸ்மெண்ட் பத்திச் சொல்றேன். 'கரீட்டும்மா, சர்டிபிகேட்டு எப்போ குடுப்பே?'"

"உனக்கு அதாவது கெடச்சுது" என்றான் வினோத். "நான் ஹாஸ்டல் வீடியோ அனுப்பிட்டுப் பேசினேன் அண்ணாத்தே. 'பட்டாபிராம்ல ஊடு கீது, எதுக்கு நைனா ஹாஸ்டலு?'ன்னு கேட்டு வெச்சுட்டாரு. எவன்டா அவருக்கு ஹாஸ்டல் வீடியோ அனுப்பினதுன்னு எனக்கே தோணிடுச்சு."

இருவரும் சிரித்தார்கள். ரகுநாதனுக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் இருமலாகிவிட்டது. அலுவலகப் போனில் பேசினால் பதிவாகும். அவர் சொந்தப் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போனார்.

"கஜபதிங்களா? நான் ரகுநாதன், காலேஜ்லேர்ந்து..."

"வா சார், வா. மூணாவது ஆளா நீ? காலைலேர்ந்து ஒரு சவாரி ஏத்த முடியல, மாத்தி மாத்தி உங்க ஆபீஸ் போனு. நேத்து நேர்லயே வந்தேன். செக்யூரிட்டி மேல உடல. டைரக்டரு லீவுன்னான். லீவா சார் அவரு?"

லீவு இல்லை. நேற்று முழுக்க ஹேமநாதன் இங்கேதான் இருந்தார். ரகுநாதன் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"சரி உடு. உன்னாண்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு இன்னா சொன்ன? ஜெராக்ஸு பாத்துட்டுக் குட்த்துடறேன்னியா இல்லியா?"

"சொன்னேங்க."

"நான் ஏமாந்தவன்தான், இல்லேன்னு சொல்லல. ஆட்டோல ஏர்ற ஆளுகிட்ட பத்து ரூபா ஏமாற மாட்டேன், கழுத்துல அட்டை போட்ட ஆளுகிட்ட ஏமாந்துட்டேன். போலீசுக்குப் போன்னு சொல்றானுங்கோ ஸ்டாண்டுல. போனா அது இழுத்துகினு போவும். வெள்ளிக்கிழமை நிக்குமா சார்?"

கீழே ஒரு லாரி பின்னால் வரும்போது கத்துகிற சத்தம். அது ஓயும்வரை ரகுநாதன் காத்திருந்தார். அவர் சொல்ல வேண்டியது தயாராகவே இருந்தது: அரசுக் கல்லூரியில் வேலை வாய்ப்பு, தினமும் ரயிலில் அலைச்சல், பெண் பிள்ளை. இந்த சீசனில் மட்டும் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அதையெல்லாம் விட்டுவிட்டு, "நிக்காதுங்க" என்றார்.

"பாப்பா பேசணுமாம்" என்றார் கஜபதி.

"சார், நான் யுவராணி பேசுறேன்." அவசரமில்லாத குரல். "அந்தக் காலேஜ் ஆபீஸ்ல விசாரிச்சேன் சார். அசல் வேற காலேஜ்ல இருந்தா, அந்தக் காலேஜே லெட்டர்பேடுல எழுதி அனுப்பினா, சீட்டப் பத்து நாள் நிறுத்தி வைப்பாங்களாம். ஆனா தபால்ல வரணும். கையில கொண்டு போனா வாங்க மாட்டாங்க. போன வருஷம் ரெண்டு பேரு அவங்களே லெட்டர்பேடு அடிச்சு எடுத்துட்டு வந்துட்டாங்களாம்."

"சரிம்மா."

"ஒண்ணு கேக்கலாமா சார்? நான் உங்க காலேஜ்ல சேந்துட்டேனா?"

ரகுநாதன் சுவரில் சாய்ந்தார். பலகையில் இவள் பெயர் பச்சை மையில் இருக்கிறது. மணி அடித்தாயிற்று, கைதட்டியாயிற்று. மூன்று வாரமாகச் சேர்மனுக்குப் போகிற எண்ணிக்கையில் இவளும் ஒன்று.

"இல்லம்மா" என்றார். "சேரல."

"அத எழுதிக் குடுங்க சார். அது போதும்."

உள்ளே வந்தபோது ஹேமநாதன் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டினார். "மூணாவது கால் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். வர மாட்டாங்க."

"அடடா, அப்படிச் சொல்லிட்டா எப்படி? வெள்ளி வரைக்கும் இழுத்தாப் போதும் ரகு. சாயங்காலம் இன்னொரு தடவை பேசுங்க." அவர் கண்களுக்குக் கீழேயும் கறுப்பு விழுந்திருந்தது. அவருக்கும் மேலே ஒருவர் நிற்கிறார் என்பது ரகுநாதனுக்குத் தெரியாததல்ல. அவர் மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்ததும், பத்மாவின் மேசைக்குப் போனார்.

"ஒரு லெட்டர்பேடு வேணும்மா."

பத்மா தயிர்சாதத்திலிருந்து நிமிர்ந்தாள். ஒவ்வொரு தாளுக்கும் எண் உண்டு. அதற்கொரு நோட்டும் உண்டு. "எதுக்குன்னு எழுதட்டும் சார்?"

அவர் சொன்னார். முழுவதையும் சொன்னார். பத்மா கை கழுவிவிட்டு வந்து, இழுப்பறையைத் திறந்தாள். "சர்டிபிகேட்ட எடுத்துக் குடுன்னு கேட்டீங்கன்னா என்னால முடியாது. டைரக்டர் கையெழுத்து இல்லாம அலமாரியத் திறந்தா எனக்குச் சீட்டுக் கிழிஞ்சிடும்."

"அது வேணாம். அது இங்க இருக்குன்னு எழுதினாப் போதும்."

"எழுதிட்டா அப்புறம் அத இங்க வெச்சிருக்கவும் முடியாது. கவர்மெண்ட் காலேஜ்லேர்ந்தே கேட்டு வரும்." யோசித்துவிட்டு நோட்டைத் திறந்தாள். "நாளைக்குக் கேட்டா, நீங்கதான் வாங்கிட்டுப் போனீங்கன்னு சொல்லுவேன் சார். பொய் சொல்ல மாட்டேன்."

"தாராளமாச் சொல்லும்மா. நோட்டுலயே எம் பேர எழுதிடு."

எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

வாளிக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுதினார். கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய வரிசையிலேயே பேனா போயிற்று. முதலில் ஒரு பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தார்: 'மேற்படி மாணவியின் சான்றிதழ்கள் எங்கள் அலுவலகத்தால் பாதுகாப்பில் வைக்கப்பட்டுள்ளன.' படித்தார். அந்த அரசுக் கல்லூரி முதல்வர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? பெண்ணே விரும்பிக் கொடுத்துவிட்டு இப்போது மனம் மாறுகிறாள் என்றுதான் நினைப்பார். அலுவலகம் என்று ஓர் ஆள் உண்டா என்ன? அன்றைக்குக் கையை நீட்டியது அலுவலகமா?

அதைக் கிழித்தார். எண் போட்ட தாளில் நேராக எழுதினார்:

'கஜபதி அவர்களின் மகள் யுவராணியின் ஐந்து அசல் சான்றிதழ்கள் மூன்று வாரங்களாக எங்கள் சேர்க்கை அலுவலக அலமாரியில் உள்ளன. நகலோடு ஒப்பிட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்லி அவற்றை வாங்கியவன் நான். அதன்பின் தந்தை கேட்டும் தரவில்லை. மாணவி எங்கள் பல்கலைக்கழகத்தில் சேரவில்லை, விண்ணப்பத்திலும் கையெழுத்திடவில்லை. தாமதம் அவருடைய தவறு அல்ல. ஆகவே, சான்றிதழ்கள் வந்து சேரும்வரை அவருக்கு ஒதுக்கிய இடத்தை நிறுத்தி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

கீழே பெயர், பதவி, பணியாளர் எண், சொந்தப் போன் எண். அலுவலக முத்திரையை வைக்கலாமா என்று பத்மாவைப் பார்த்தார். அவள் முத்திரையை மேசை விளிம்புக்கு நகர்த்திவிட்டு, டிபன் பாக்ஸ் கழுவப் போய்விட்டாள்.

"எங்க அண்ணாத்தே, இந்த வெயில்ல?" என்றான் வினோத்.

"போஸ்ட் ஆபீசுக்கு."

"அது இன்னும் இருக்குதா?"

ஸ்கூட்டரில் பூந்தமல்லி தபால் நிலையத்துக்குப் போய்ச் சேர முக்கால் மணி ஆயிற்று. மெட்ரோ தூணுக்குத் தூண் வண்டிகள் நின்றன. நின்ற இடத்திலெல்லாம், திரும்பிவிடலாமா என்று ஒரு தடவை தோன்றியது. நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு கல்லூரியின் படியேறி, கழுத்தில் இன்னொரு அட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். அதை நினைத்தபோதுதான் உடம்பு ரொம்பக் கனத்தது. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான். வண்டி நகர்ந்தது.

கவுண்டரில் இருந்த பெண் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "ஒட்டலையே சார்?"

"பசை இருக்குங்களா?"

அவள் ஓரமாக இருந்த கிண்ணத்தைக் காட்டினாள். ரகுநாதன் கடிதத்தை வெளியே எடுத்து இன்னொரு முறை படித்தார். ஒன்றையும் மாற்றவில்லை. மூன்றாக மடித்து உள்ளே வைத்து, விரலால் பசையைத் தொட்டுத் தடவி, மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். ஓரத்தில் கொஞ்சம் பிதுங்கியதைக் கைக்குட்டையால் ஒரே துடைப்பு.

"ஸ்பீட் போஸ்ட்டுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள போயிடுமா?"

"திருவள்ளூர் தாண்டித்தான? நாளன்னிக்கே போயிடும். இன்னும் பத்து நிமிஷத்துல பை கட்டிடுவாங்க, நல்ல நேரத்துக்கு வந்தீங்க." எடை பார்த்தாள், பார்கோடு ஒட்டினாள், ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். "அனுப்புறது ஆபீஸா, நீங்களா சார்? கம்ப்யூட்டர்ல பேர் கேக்குது."

"நான்தான்மா. ரகுநாதன்னு போடுங்க."

அவள் தட்டிவிட்டு, உறையின் மேல் முத்திரையை ஒரு குத்துக் குத்தி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருந்த பைக்குள் போட்டாள்.