பெரிய பெண்கள் வெளியே வரும் வாசல்

தேசப்பன் சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ஐம்பத்தொன்றாம் வருஷம் தை மாதம் காசிமேட்டு வீட்டுக்கு அவனுடைய கடிதம் வந்தது. துறைமுகத்துப் பக்கத்திலேயே குடும்பம் தங்க அறை கிடைத்துவிட்டதாம். சித்திரைக் கப்பலில் மனைவி மங்கை பிள்ளைகளோடு புறப்பட்டு வரவேண்டியது. பையன் செல்வத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. மகள் முத்தம்மாவுக்குத்தான் பதினொன்று ஆகிறதே, படித்தது போதும்.

கடிதத்தை உரக்கப் படித்தவளே முத்தம்மாதான். கடைசி வரியில் அவள் குரல் இறங்கிப்போனது. மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த மங்கை நிமிர்ந்தாள்.

"இன்னொரு தபா படி."

படித்தாள்.

"சரி, வை. டிக்கெட்டு உங்க நைனா பாக்கட்டும். பள்ளிக்கூடம் நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எழுத்து தெரியாதவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரில் பள்ளிக்கூடம் பார்ப்பது எப்படி? இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் ராயபுரம் மார்க்கெட்டில் அவளுடைய மீன் கடைக்கு வஞ்சிரம் வாங்க அம்புரோஸ் வந்து நின்றான். சிங்கப்பூர்க் கப்பலில் சமையல்காரன் அவன்.

"அண்ணே, அங்க பொம்பள புள்ளைங்க பள்ளிக்கூடம் எங்கெங்க கீதுனு விசாரி. சாயங்காலம் பள்ளிக்கூடம் வுடற நேரத்துக்கு வாசல்ல நின்னு பாரு."

"கட்டடம் எப்டி கீதுன்னா?"

"கட்டடத்த வுடு. வெளிய வர்றதுல பெரிய பொண்ணுக்கு இன்னா வயசு இருக்கும்னு பாரு. அத்த மட்டும் வந்து சொல்லு."

அம்புரோஸ் சிரித்தான். ஆனாலும் சொன்னதைச் செய்தான். மாசி மாதம் திரும்பி வந்தபோது மூன்று வாசல்களில் நின்றுவிட்டு வந்திருந்தான். முதல் இரண்டிலும் சின்னக் குட்டிகள்தான்.

"மூணாவது கன்னியாஸ்திரீங்க நடத்தறது. பதினேழு பதினெட்டு வயசுப் பொண்ணுங்கம்மா! சீனத்தி, மலாய்க்காரி, நம்ம ஜனம், எல்லாம் கலந்து வருது. ஒருத்தி நேரா என்னாண்டயே வந்து, யார் வோணும்னு இங்கிலீஷ்ல கேட்டுட்டா. நான் எடுத்தேன் பாரு ஓட்டம்!"

"அதான் நம்ம பள்ளிக்கூடம்" என்றாள் மங்கை.

அவன் எழுதி வந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு முத்தம்மாவின் டீச்சர் தேவகிருபையிடம் போனாள். தேவகிருபை திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, கண்டிப்பானவள். அன்றைக்கே கடிதம் எழுதிப் போட்டாள். பதினைந்து நாளில் பதில் வந்தது. பங்குனிக் கடைசியில் வினாத்தாள் அனுப்புவார்கள், டீச்சர் முன்னால் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதவேண்டும், தேறினால்தான் இடம்.

"இவளுக்கு இப்பத்தான் நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரியும். நாள் ரொம்பக் கம்மி" என்றாள் தேவகிருபை. "தினமும் சாயங்காலம் அனுப்புவீங்களாம்மா?"

"நானே இட்டாறேன் டீச்சர்."

அன்று முதல் மார்க்கெட்டிலிருந்து நேராக மகளை அழைத்துப் போனாள். பாடம் முடியும்வரை சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் மகள் தடுமாறும் இடம் மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

முத்தம்மா பரீட்சை எழுதினாள். விடைத்தாள் தபாலில் போயிற்று. அதற்குள் தேசப்பனின் அண்ணன் பொன்னுரங்கம் கப்பல் டிக்கெட்டோடு வந்துவிட்டான்.

"பதில் வராம நான் ஏற மாட்டேன், மாமா."

"இன்னாம்மே பேசற? பொட்டப் புள்ள படிப்புக்கு கப்பல வுடுவியா? தம்பி அங்க பேஜாராயிகினு கீறான்."

"நாலு வருசம் தாங்குனாரே, இன்னும் ஒரு கப்பல் தாங்க மாட்டாரா? நான் சொன்னேன்னே எழுதிடு."

சித்திரைக் கப்பல் ஊதியபோது மங்கை மார்க்கெட்டில் சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடம் கிடைக்காமல் போனால் காசிமேடே கைகொட்டிச் சிரிக்கும். தலையைத் தூக்காமல் தேய்த்தாள்.

ஆறாம் நாள் மீன் தண்ணீரையும் சேற்றையும் மிதித்துக்கொண்டு தேவகிருபை மார்க்கெட்டுக்குள் ஓடிவந்தாள். கையில் பிரித்த உறை. நின்ற இடத்திலேயே தமிழில் சொல்லச் சொல்ல, பக்கத்துக் கடைகளில் பேரம் நின்றது.

சந்தையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். முத்தம்மா இந்த மார்க்கெட்டைத்தான் எழுதியிருந்தாள். மீன்களுக்கு ஆங்கிலப் பெயர் தெரியாததால் தமிழ்ப் பெயரையே ஆங்கில எழுத்தில் போட்டிருந்தாள்.

"பிழைகள் நிறைய இருக்காம். ஆனா கண்ணால பாத்ததை எழுதியிருக்கான்னு பாராட்டுறாங்க. அஞ்சாம் வகுப்புல இடம் வச்சிருக்காங்கம்மா! வஞ்சிரமும் கிழங்கானும் காரப்பொடி மீனும் எப்படி இருக்கும்னு வந்து சொல்லணுமாம்."

கூவிய முதல் குரல் அடுத்த கடைக் கெங்கம்மாவுடையது. அப்புறம் மார்க்கெட் முழுக்கக் கூச்சல்தான். மங்கை கடிதத்தைத் தொடவில்லை.

"கை ஈரம், டீச்சர். நீங்களே வச்சிக்கங்க" என்றவளுக்குக் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

கொஞ்ச நேரத்தில் பொன்னுரங்கத்துக்குச் சேதி எட்டியது. மார்க்கெட்டுக்கு வந்து கெங்கம்மாவிடம் முழுக் கதையையும் கேட்டுக்கொண்டான். வெளியே போய், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எங்க வூட்டுப் பொண்ணு எழுதுனத்த சிங்கப்பூர்ல படிச்சிட்டு வரச் சொல்லிக் கீறாங்க!" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட் மாற்றப் போனான்.

வீட்டில் முத்தம்மாவை உட்காரவைத்து மங்கை கடிதம் எழுதச் சொன்னாள்.

"எழுதும்மே. வைகாசிக் கப்பல்ல வர்றோம். முத்தம்மா பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவுல ஆம்பளப் பசங்களுக்கும் ஒண்ணு கீதுனு அம்புரோஸ் அண்ணன் சொல்லுது. செல்வத்த அங்க சேத்துடு. துறைமுகத்தாண்ட அறை வோணாம். பள்ளிக்கூடத்தாண்ட பாரு."

"இப்டியே எழுதட்டுமா?" முத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்டியேதான்."

பத்தாம் நாள் தேசப்பன் பதில் போட்டிருந்தான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அறை பார்த்துவிட்டானாம். வேலைக்குத்தான் இரண்டு மைல் நடக்கவேண்டியிருக்குமாம்.