மூன்று ஊற்றுகள் வாய்மூடிய நாள்

மலையின் தோளில் தொடங்கிக் கடலின் காலடி வரை படிப்படியாய் இறங்கிக் கிடந்த அந்நகரின் மீது, கதிரவன் தன் பொற்கைகளை இன்னும் முழுதாய் நீட்டியிருக்கவில்லை. இரவுப் பனியில் நனைந்த ஓட்டுக்கூரைகள் மீனின் செதில்களெனப் பளபளக்க, வெதுப்பகங்களின் புகைபோக்கிகள் நாளின் முதல் மூச்சை வானுக்கு விட, நெருங்கிய சந்துகளிலிருந்து குடம் ஏந்திய பெண்டிர் சிற்றோடைகள் போல் புறப்பட்டு, மேலை, நடு, கீழை என்னும் மூன்று சதுக்கங்களிலும் நின்ற மூன்று கல்லூற்றுகளை நோக்கி நடந்தனர். படிப்போரே, அவர்களுடன் நீவிரும் வருக. குடங்கள் கீழே வைக்கப்படும் ஓசை கேட்கிறது. நீர் விழும் ஓசை மட்டும் கேட்கவில்லை. மூன்று ஊற்றுகளும் ஒருசேர வாய்மூடிக் கிடந்தன.

ஊற்றென்பது பெயரளவுக்கே. மலைமேல் இருந்த நீரேற்று நிலையத்திலிருந்து குழாய்வழி இறங்கிய நீரே அக்கல்வாய்களில் கொட்டியது. மாளிகைகளுக்குத் தனிக்குழாய் உண்டு. அவற்றில் அன்றும் நீர் குறைவின்றி ஓடியது. அதை எண்ணிப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. ஏனெனில், நகரின் பாதிப்பேர் போற்றிவந்த திருநூலில் ஓர் அடி இருந்தது: 'மூன்று ஊற்றும் ஒருநாளில் வாய்மூடும், அந்நாளில் இந்நூல் வானின் வாய்மொழியென்று அறிவீர்.' நடுச்சதுக்கத்தில் ஒரு கிழவர் அவ்வடியை உரக்கச் சொல்ல, காய்ந்த கல்லின்முன் மக்கள் மண்டியிட்டனர். திருநூல் மன்றத்தின் மணி நில்லாது முழங்கத் தொடங்கிற்று.

மண்டியிடாமல் திரும்பியவள் ஒருத்தி. தையலால் வாழ்பவள், நேராய் வரும் நூலைவிடக் கோணிய தையலையே முதலில் காணும் கண்ணினள். வெறுங்குடத்தோடு வீடு நுழைந்து அடுக்களையைக் கண்டதும் வாயிலிலேயே நின்றுவிட்டாள். குடங்கள் இரண்டும் நிறைந்திருந்தன. துணி அலசும் தொட்டி விளிம்புவரை தளும்பிற்று. சோறு வடிக்கும் பானையும் பால் காய்ச்சும் குண்டானும், ஏன், விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் சிறு செம்பும்கூட நீரேந்தி நின்றன. முந்தைய நாள் மாலை அவள் தைத்த மேலங்கிகளைக் கொடுக்க வெளியே போயிருந்தபோது, வீட்டில் இருந்தவர் அவள் கணவர் ஒருவரே. இரவு நேரங்கழித்துத் திரும்பியவள் அடுக்களை நுழையாமலே உறங்கி, விடியுமுன் திண்ணையிலிருந்த குடத்தோடு கிளம்பியிருந்தாள். மணமான நாள்முதல் ஒரு குவளை நீரையும் தாமே மொண்டறியாத மனிதர், ஊற்றுகள் வற்றுவதற்கு முந்தைய மாலையில் வீடு முழுதும் நீர் நிரப்பி வைத்திருக்கிறார்! அவரோ நீரேற்று நிலையத்தில் திருகுசக்கரங்களைத் திறந்து மூடும் பணியாளர். மன்றத்தில் முதல் வரிசையில் அமர்பவர். ஐயம் என்பது புகை போன்றதன்று. அது நீர் போன்றது. ஒரு விரிசல் கண்டால் போதும், தானே வழிதேடி வீடெங்கும் பரவிவிடும்.

பகல் ஏறும்முன் அவள் தம்பி வந்தான். கண்ணாடி அறுப்பவன், வாயும் அப்படியே, தொட்டால் கீறும். அவன் குடலில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. மறுநாள் காலையில் அறுத்தெடுக்காவிட்டால் பின்னர் எந்தக் கையாலும் இயலாதென மருத்துவர் உறுதியாய்ச் சொல்லியிருந்தார். சென்ற வாரம் இதே வீட்டில் உண்டபடி, "மாமா, உங்க நூல் சொன்னதுல ஒண்ணே ஒண்ணு என் கண்ணு முன்னால நடக்கட்டும். நானும் உங்க பக்கத்துல வந்து உக்காந்து தலையாட்டுறேன்" என்று நகைத்தவன், இன்று மழித்த முகமும் வெளுத்த உடையுமாய், மன்றத்திலிருந்து நேரே வந்திருந்தான்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு ஆள் சொல்லி அனுப்பிட்டேன். நாளைக்கு நான் வரல."

"என்னடா உளர்ற?"

"நூல்லயே இருக்கு. 'நம்பினோர் மெய்யை இரும்பு தீண்டாது'ன்னு. ஊத்து சொன்னது உண்மைன்னா இதுவும் உண்மைதானே? ஒரு வாயிலருந்து வந்த ரெண்டு பேச்சு."

ஓர் அடி மெய்யானதும் அடுத்த அடி கேள்வியின்றி அதன் தோளேறிக்கொண்டதை, ஒரு தையல் பிரிந்ததும் முழு மடிப்பும் பிரிவதைக் காண்பவள்போல் பார்த்திருந்தாள். பிறகு வேலை முடிந்து வந்த கணவரை அடுக்களைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

"என்னங்க, எம்மேல உங்களுக்கு இவ்ளோ பாசமா? செம்பைக்கூட விடாம ரொப்பி வெச்சிருக்கீங்க."

"சும்மாதான். நீ பாவம், தெனமும் தூக்குறியேன்னு..."

"இத்தனை வருசம் தூக்குனப்ப பாவமில்லையா? நேத்து சாயந்தரம்தான் பாவமானேனா?"

அவர் தொட்டி நீரில் தெரிந்த தம் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் கண்கலங்கினார்.

"நாளைக்கு அவன் கத்தியில படுக்கப்போறான். திரும்பி எழுவானோ மாட்டானோ. நம்பிக்கை இல்லாமலே போய்ட்டான்னா அவன் கதி என்னாகும்னு யோசிச்சியா? எனக்குத் தூக்கமே வரல. மூணு வால்வுதான். காலையில மூடி சாயந்தரம் திறந்துடலாம். அவன் ஆத்மா தப்பிக்கட்டும்னு..."

"ஆத்மா தப்பிச்சிருச்சு. இப்ப உசுரு போகுது. போய் அவன்கிட்ட சொல்லுங்க."

கள்வர்க்குள்ள துணிவும் அவரிடம் இல்லை. அடியார்க்குள்ள தெளிவும் இல்லை. ஐயமே கொள்ளாத ஒருவர், தாம் ஐயுறாத நூலுக்கே முட்டுக்கொடுக்கத் துணிந்த வியப்பை அவர்தாமும் அப்போதுதான் உணர்ந்தார் போலும். முன்னறைக்கு வந்து, தளர்ந்த குரலில் எல்லாவற்றையும் கூறினார்: எந்தச் சக்கரத்தை முதலில் திருப்பினார், எது துருவேறித் திரும்ப மறுத்தது, அதை எண்ணெயிட்டு எவ்வாறு அடக்கினார் என்பது வரை. கேட்டிருந்த மைத்துனன் சினந்து எழுவான் என்று அக்காள் காத்திருந்தாள். அவனோ மெல்லச் சிரித்தான்.

"சரி மாமா, நீங்கதான் மூடுனீங்க. உங்களுக்கு அந்த நெனப்பைக் குடுத்தது யாரு?"

"டேய், நானே..."

"ஊத்து வாய்மூடும்னுதான் நூல்ல இருக்கு. யாரும் மூடாம தானா மூடும்னு இருக்கா? இல்லையே! உங்க கையே மேல இருக்கிறவன் கைதான். நீங்க சொல்லச் சொல்ல எனக்கு நம்பிக்கை கூடுதே தவிர கொறையல."

ஒப்புக்கொண்ட குற்றமே அருளின் சான்றாய் மாறிப்போன பின், உரைப்பதற்குக் கணவரிடம் என்ன எஞ்சியிருக்கும்? அக்காள் மட்டும் தம்பியின் முகத்தைக் கூர்ந்து நோக்கினாள். மோவாயின் ஓரத்தில் புதிதாய் ஒரு கீறல், அதில் காய்ந்த குருதிப் புள்ளி.

"காலையில சவரம் பண்ணுனியா?"

"ஆமா. மன்றத்துக்குப் போகணுமே."

"எதால பண்ணுன? பூவாலயா?"

"அக்கா, அது வேற."

"எது வேற? மெய்யில இரும்பு தீண்டாதுன்னு போட்டிருக்கு. கன்னம் மெய்யில்லையா? கத்தி இரும்பில்லையா? ரத்தமே வந்திருக்கு. மாமா கை கடவுள் கையாம், டாக்டர் கை மட்டும் கடவுளுக்கு ஆகாதாம். உனக்கு எங்க வேணுமோ அங்க வளையுது, எங்க வேணாமோ அங்க நிமிருது. நூல் அதுவா பேசுதா, நீ பேச வெக்கிறியா?"

"அது... சின்ன இரும்பு."

"இனிமே கடையில இரும்புக் கத்தி புடிக்காமத்தான் கண்ணாடி அறுப்பியா? விரலைக் காட்டு."

விரல்கள் பத்திலும் தழும்புகள். அவன் அவற்றை மடக்கிக்கொண்டான். சிரிப்பு மெல்ல உதிர்ந்தது. பின்பு, ஊரையெல்லாம் கேலிபேசிய அந்த வாயிலிருந்து, சிறுவனின் குரலைவிடச் சிறிய குரலில் வந்தது:

"பயமா இருக்குக்கா. படுக்க வெச்சு, மயக்கங் குடுத்து, வயித்தத் திறப்பாங்களாம். ஊத்து நின்னுபோச்சுன்னு கேட்டதும் நான் சந்தோசப்பட்டது சாமிக்காக இல்ல. போகாம இருக்க ஒரு சாக்கு கெடச்சுதேன்னுதான்."

அவள் அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். படிப்போரே, ஊற்றை அடைத்தவர் ஒருவர். அடைபட்டதை அறிகுறி என்றவர் பலர். ஆயினும் அதை நம்பியவன் நம்பியது நீரையும் அன்று, நூலையும் அன்று, தன் அச்சத்தையே. மறுநாள் காலை அவன் மருத்துவமனைக்கு நடந்தே சென்றான். ஒருபுறம் அக்காள், மறுபுறம், மூன்று சக்கரங்களையும் திறந்துவிட்டு, பணி பறிபோகுமென்று அறிந்தும் நிலையத்து மேலாளரிடம் உண்மையை ஒப்புவித்து வந்த மாமன்.

கட்டி அகன்றது, அவன் பிழைத்தான். பழக்கூடையோடு மன்றத்து மூத்தவர் மருத்துவமனைக்கு வந்தார். சக்கரம் திருப்பிய செய்தி அவர் செவிக்கும் எட்டியிருந்தது. ஆயினும் அவர் நடையிலோ நகையிலோ ஒரு மாற்றமும் இல்லை.

"பாத்தியாம்மா? நம்பின ஒரே நாள்ல உசுரு பொழைச்சான். இதுவும் நூல்ல சொன்னதுதான்."

"பெரியவரே, இவன் பொழைக்காம போயிருந்தா?"

"'நம்பினோர் விரைந்து அழைக்கப்படுவர்'னு அதுக்கும் ஓர் அடி இருக்கேம்மா!"

"அப்ப உங்க நூல் எப்பத்தான் தோக்கும்?"

"தோக்கவே தோக்காது" என்றார் அவர், கண்கள் பூரிக்க.

பெருமையாய் அவர் உரைத்த அச்சொல்லை அவள் நடுக்கத்தோடு கேட்டாள். எதிரெதிரான இரண்டு முடிவுகளில் எது வந்தாலும் தனக்கே சான்றெனக் கைநீட்டும் சொல், மெய்யாய் இருக்கலாம், பொய்யாய் இருக்கலாம். எதுவென்று நமக்குக் காட்டும் ஆற்றலை மட்டும் அது இழந்துவிடுகிறது. அறைக்கு வெளியே, நீண்ட தாழ்வாரத்தின் விசுப்பலகையில், பணியிழந்த அம்மனிதர் தனியே அமர்ந்திருந்தார். தாம் இன்னும் நம்புவதாகவே அவருக்குத் தோன்றிற்று. ஆனால் எதை நம்புவதென்று கேட்டுக்கொள்ள இனி எவரிடம் போவதென்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.