எட்டாம் பூ

நஸ்மியே போய்விட்டாள் என்று அவள் மகள் துர்சுனே வந்து சொன்னபோது நான் கோழிகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தேன். கை நிற்கவில்லை. முழுச் சட்டியையும் பிசைந்து, கோழிகளுக்கு வைத்து, கையைக் கழுவிய பிறகுதான் அழுகை வந்தது. என் புத்தி எப்போதும் இப்படித்தான், எல்லாவற்றுக்கும் பிந்தித்தான் வரும்.

நானும் நஸ்மியேயும் ஓரகத்திகள். அண்ணனை நான் கட்டினேன், தம்பியை அவள் கட்டினாள். ஒரே முற்றம், இரண்டு வாசல். ஆடு அவிழ்ந்துவிட்டது, மழை வருகிறது, துணியை எடு என்பதற்கு மேல் முப்பத்தொரு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. ஊரார் இதைச் சண்டை என்றார்கள். சண்டையென்றால் இரண்டு பேர் வேண்டும். இதைப் போட்டது நான் ஒருத்திதான். ஆனால் அவள் சாகும்வரை அதை நான் ஒப்புக்கொண்டவள் இல்லை.

எங்கள் ஊரில் ஒவ்வொரு பெண்ணும் தன் கடைசிப் பயணத்துக்கான கம்பளத்தைத் தெம்பிருக்கும்போதே நெய்து பெட்டியில் வைத்துக்கொள்வாள். மய்யித்தை வைத்துத் தூக்கும் பெட்டியான சந்தூக்கின் மேல் அது விரிந்து கிடக்கும். கபர்ஸ்தான்வரை போகும். அடக்கம் முடிந்ததும் பள்ளிவாசலுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு ஊரே அதன் மேல் நின்று தொழும் என்பதால் அதில் யாரும் கஞ்சத்தனம் பண்ணமாட்டார்கள். மஞ்சிட்டி வேரில் காய்ச்சிய சிவப்பு, அவுரி நீலம், வால்நட் தோலின் பழுப்பு. கடைச் சாயத்தைக் கிட்டே சேர்ப்பதில்லை.

பேச்சு நிற்பதற்கு முன்னால், எங்கள் இருவர் கம்பளங்களையும் ஒரே தறியில் சேர்ந்து நெய்வது என்று முடிவு செய்தோம். நான் மூத்தவள், அதனால் முதலில் என்னுடையது. பிறகு அவளுடையது.

ஒரு தறியில் இரண்டு பேர் உட்கார்ந்தால் அதற்கு ஒரு முறை உண்டு. ஒருத்தியின் கை கனம், இன்னொருத்தியின் கை லேசு. முடிச்சுகளைப் போட்டு, ஊடை இழையை ஓட்டி, இரும்புச் சீப்பால் அடிக்கும்போது கனத்த கைக்காரியின் பக்கம் நெருங்கி இறங்கும், மற்றவள் பக்கம் உயர்ந்து நிற்கும். அப்படியே விட்டால் கம்பளம் ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நெட்டை. அதற்காக ஓரக்கரையில் ஒரு பூ முடிந்ததும் இருவரும் இடம் மாற வேண்டும். மாறத் தயார் என்பவள் தன் ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளை முடிச்சுப் போடுவாள். மற்றவளும் தன் ஓரத்தில் ஒன்று போட்டுவிட்டு எழுவாள். வாயால் கேட்கும் வழக்கமில்லை. கோபதாபம் உள்ள வீட்டிலும் வேலை நடக்க வேண்டுமே. அந்த முடிச்சு முன்பக்கத்தில் தேடினால்தான் கிடைக்கும், பின்பக்கத்தில் பளிச்சென்று தெரியும்.

ஓரக்கரைக்கு ஒன்பது பூ. ஒன்பதாவதோடு கம்பளம் முடிந்துவிடும், ஆகவே எட்டு முறை இடம் மாற வேண்டும். என் கம்பளத்தில் எட்டு ஜோடி வெள்ளை முடிச்சுகள் இருக்கின்றன. நூல் பிடித்துப் பார்த்தாலும் ஒரு கோணல் இருக்காது.

அடுத்து நஸ்மியேயின் கம்பளத்துக்குப் பாவு நூல் கட்டினோம். இரண்டு பூ முடிந்து இரண்டு முறை இடம் மாறியிருந்தோம். அவள் மறுபடி இடப்பக்கம், நான் வலப்பக்கம். அன்றைக்குத்தான் பெர்காமா நகரத்திலிருந்து கம்பள வியாபாரி ஒருத்தன் ஊருக்கு வந்தான். இது விற்கிற கம்பளம் இல்லை என்று சொல்லியும் தறிக்கு முன்னால் வந்து குந்தினான். பேச்சுக்காரன். நாங்கள் அப்போதுதான் அடித்து முடித்திருந்த வரிசையை, கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தடவினான்.

"இந்தப் பக்கம் பொண்ணு நெய்யுது" என்று நஸ்மியேயின் பக்கம் கை காட்டினான். "அந்தப் பக்கம் கழுதை கதிரு மிதிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். என் மாமியார் சிரித்தாள், என் புருஷன் சிரித்தான். நஸ்மியேயும் முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் சிரித்ததுதான் முள்ளாகத் தைத்தது.

அன்று சாயங்காலம் மாமியாரும் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கம்பளிநூல் சுற்றிக்கொண்டிருந்தோம். நான் தலையை நிமிர்த்தாமல் சொன்னேன்.

"ஆமா, என் கை கனம்தான். பிடிச்சது நிக்கும். உன் கை லேசு. அதனாலதான் உன் கையில எதுவும் நிக்க மாட்டேங்குது."

அவள் இரண்டு குழந்தைகளைப் புதைத்தவள். ஒன்று நாற்பது நாள் இருந்தது. இன்னொன்று எட்டு மாதம் இருந்தது, என் மடியில் உட்கார்ந்து என் வளையலைக் கடிக்கும்.

மாமியார் கையிலிருந்த நூல்கண்டு தரையில் உருண்டது. நஸ்மியே என்னைப் பார்த்தாள். கண்டை எடுத்து மாமியார் கையில் கொடுத்துவிட்டு மறுபடி நூல் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு அறை விட்டிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

மறுநாள் காலையில் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் சிலர் மன்னிப்புக் கேட்பார்கள். எனக்குக் கோபம் வரும். பழைய சால்வை ஒன்றைக் கொண்டுவந்து, தறியின் மேல்கட்டையிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கவிட்டேன்.

"ஏன்டி கெஸ்பான், தறிக்கு நடுவுல திரை போட்டு நெய்யறவள எங்கயாச்சும் பார்த்திருக்கியா?" என்றாள் மாமியார்.

"ஜன்னல் வெளிச்சம் கண்ணு கூசுது அத்தை."

"ஜன்னல் உன் முதுகுப்பக்கம்ல இருக்கு."

"முதுகும் கூசுது."

அப்படியே நெய்தோம். நடுவில் உள்ள பெரிய கோலத்தில் எந்த முடிச்சு எங்கே வரும் என்பது இருவருக்கும் மனப்பாடம், பார்க்கத் தேவையில்லை. ஊடை இழையை மட்டும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்க வேண்டும். வரிசைக்கு ஒருமுறை சால்வைக்கு அடியில் அவள் விரல்கள் நூல்கண்டோடு வரும். நான் வெடுக்கென்று வாங்குவேன். ஐந்து மாதம் அந்த நாலு விரல்களைத்தான் பார்த்தேன்.

மூன்றாம் பூ முடிந்தது. நான் எழவில்லை. எழுந்தால் நேருக்கு நேர் அவள் முகத்தைத் தாண்டிப் போக வேண்டும். நாலாம் பூவும் அப்படியே போயிற்று. சீப்பை மட்டும் முன்னைவிட ஓங்கி அடித்தேன். என் பக்கம் இறங்குவது எனக்குத் தெரியாமல் இல்லை. அவளாக வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். நடுநடுவே அந்தப் பக்கம் சீப்புச் சத்தம் நின்றுபோகும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு மறுபடி ஆரம்பிக்கும். தேநீர் குடிக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது எட்டாம் பூவைப் பற்றிச் சொல்கிறேன். முப்பத்தொரு வருஷம் நான் தலைநிமிர்ந்து நடந்ததற்கு அந்தப் பூதான் காரணம். எட்டாவது முடிந்த அன்று எனக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளை நூலைக் கையில் எடுத்தேன். முடிச்சுப் போடுவதற்கு முன்னால் அந்தப் பக்கம் காதைக் கொடுத்தேன். அவள் சீப்பு நிற்கவேயில்லை. பூ முடிந்தது அவளுக்கும் தெரியும், ஆனாலும் நிறுத்தாமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். சரிதான், உனக்கே இவ்வளவு என்றால் எனக்கென்ன என்று நூலைக் கூடையில் போட்டேன். யாராவது எங்களைச் சேர்த்துவைக்க வந்தால் இதைத்தான் சொல்வேன். "நான் ஒருதடவை இறங்கி வந்தேன். அவதான் வரல." எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

கம்பளத்தைத் தறியிலிருந்து அறுக்கும் நாளில் நெய்த இருவரும் ஆளுக்கொரு கோடியிலிருந்து கத்தரிக்க வேண்டும். நான் ஆலிவ் பறிக்கிறேன் என்று தோப்புக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தறி வெறுமையாக நின்றது.

"நாலு விரல் கோணல்டி" என்றாள் மாமியார். "போய்ப் பாரு."

நான் போகவில்லை. வருஷாவருஷம் வசந்தத்தில் கம்பளங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறி வெயில் காட்டுவோம். நஸ்மியே தன் கம்பளத்தை எடுக்கும் அன்று எனக்குத் தோப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

மறு வருஷம் அவளுக்குப் பெண் பிறந்தது. துர்சுனே என்று பெயர் வைத்தாள். நிற்கட்டும் என்று அர்த்தம். குழந்தை தங்காத வீடுகளில் வைக்கிற பெயர்தான், ஊரில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. நான் நினைத்தேன். முற்றத்தில் நின்று அவள் அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் என் வாயிலிருந்து வந்த சொல் எனக்கே திரும்பி வந்தது. அந்தக் குழந்தை என்னை விடாமல் பெரியம்மா பெரியம்மா என்று சுற்றும். அவள் ஒருநாளும் அதைத் தடுக்கவில்லை.

நஸ்மியே போன அன்று பெண்கள் குளிப்பாட்டி முடிப்பதற்குள் நான் என் பெட்டியைத் திறந்து என் கம்பளத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு முடிவோடுதான் போனேன். ஊர் பார்க்க அவள் கோணல் கம்பளத்தோடு போகக் கூடாது. என்னுடையதில் போகட்டும். அந்தக் கோணல் என்னோடு வரட்டும். செய்ததற்கு அவ்வளவாவது செய்யலாம் என்று நினைத்தேன்.

துர்சுனே அம்மாவின் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் தோளில் இருந்ததைப் பார்த்தாள்.

"மாத்த வந்தீங்களா பெரியம்மா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா சொன்னா. 'பெரியம்மா அவ கம்பளத்தைத் தூக்கிட்டு வருவா, வாங்காத. என்னுதே போதும்'னு."

"அது கோணல்டி. நாலு பேர் பார்ப்பாங்க."

"அதையும் சொன்னேன். 'கோணலா இருந்தா என்ன, அதுல அவ கையும் இருக்கு'ன்னா."

நான் தோளிலிருந்த கம்பளத்தைக் கீழே இறக்கினேன். அவள் பெட்டியைத் திறந்தாள். இரண்டு பேருமாக எடுத்துத் தரையில் வைத்து உருட்டி விரித்தோம். பூச்சி வராமலிருக்க வைத்த புகையிலை இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பின்பக்கம் மேலே இருந்தது. நெய்கிறவளுக்குக் கண் தானாகப் பின்பக்கத்தைத்தான் படிக்கும்.

முதல் பூவில் இடமும் வலமும் வெள்ளை முடிச்சு. இரண்டாம் பூவிலும் அப்படியே. மூன்றாம் பூவில் என் ஓரம் வெறுமையாக இருந்தது. அவள் ஓரத்தில் ஒரு வெள்ளை முடிச்சு இருந்தது.

நான் மண்டியிட்டேன். நாலாம் பூவில் அவள் ஓரத்தில் ஒன்று. ஐந்தில் ஒன்று. ஆறில் ஒன்று. ஏழில் ஒன்று. எட்டாம் பூவில் இரண்டு பக்கமும் இல்லை.

ஐந்து முறை அவள் முடிச்சுப் போட்டுவிட்டு, சீப்பைக் கீழே வைத்துவிட்டு, நான் எழுந்து வருவேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகும் உட்கார்ந்திருக்கிறாள். நான் தேநீர் குடிக்கிறாள் என்றேன். சால்வையை ஒரு விரலால் விலக்கியிருந்தால் தெரிந்திருக்கும். எட்டாவதில் நான் காதைக் கொடுத்தபோது அவளுக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

"இந்த வெள்ளை முடிச்சு என்ன பெரியம்மா?" என்று துர்சுனே கேட்டாள். "வெயில்ல போடறப்பல்லாம் அம்மா இதைத்தான் கட்டைவிரலால தடவிக்கிட்டு இருப்பா. கேட்டா சொல்ல மாட்டா."

"இடம் மாறலாம்னு அர்த்தம்."

"யாரு மாறணும்?"

"நான்."

முற்றத்தில் ஆண்கள் கூடிவிட்டார்கள். இமாம் தொண்டையைச் செருமுவது கேட்டது. நான் துர்சுனேயின் கையைப் பிடித்தேன்.

"ஒரு ஊசியும் வெள்ளைக் கம்பளிநூலும் குடு. அஞ்சே முடிச்சு. என் ஓரத்துல போட்டுடறேன். ஒரு நிமிஷ வேலை."

அவள் கம்பளத்தைப் பார்த்தாள். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அம்மாவின் முகத்தைப் போலவே அவள் முகத்திலும் கோபம் இல்லை.

"வேணாம் பெரியம்மா. இருக்கறபடியே போகட்டும்."

சந்தூக்கின் மேல் விரித்தார்கள். நான் நெய்த பக்கம் நாலு விரல் ஏறி நின்றது. கிழவர் ஒருவர் அதை இழுத்துச் சரிசெய்யப் பார்த்தார். அது எப்படி வரும். "விடுங்க" என்று சொன்னேன். பெண்கள் முற்றத்தோடு நின்றுவிட வேண்டும், நின்றேன். பிறகு அடுப்படிக்குப் போய், வந்தவர்களுக்குக் கொடுக்க ரவை அல்வா கிளறினேன். கனத்த கை அதற்காவது உதவியது.

அந்தக் கம்பளம் இப்போது பள்ளிவாசலில் கடைசி வரிசையில் கிடக்கிறது. என்னுடையது திரும்பி என் பெட்டிக்கே வந்துவிட்டது. போன வாரம் வெயில் காட்ட எடுத்தேன். அந்த வழியாகப் போன பக்கத்து வீட்டுக்காரி நின்று பார்த்தாள்.

"எவ்வளவு நேரா இருக்கு கெஸ்பான் அக்கா. உங்க கையே கை."

நான் கம்பளத்தைப் பின்பக்கம் திருப்பிப் போட்டேன். இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் தடவித் தடவி எண்ணினேன். எட்டு ஜோடி இருந்தது. எட்டு முறை நஸ்மியே எழுந்து எனக்கு இடம் கொடுத்திருக்கிறாள், அதனால்தான் அது நேராக இருக்கிறது.