நாலு பேட்டரியும் ஒரு மாமாவும்

போன வருஷம் தப்பான சார்ஜரில் போட்டு ஒரு கேமரா பேட்டரியை உப்ப வைத்த புண்ணியவான் இந்த மச்சான்தான். போட்டோ கடை வைத்திருக்கும் அவன் அக்கா புருஷனுக்கோ, வெளிநாட்டில் போட்டோ எடுக்கப்போகும் முதல் கல்யாணம் இது. "இங்கயும் சொதப்பினே, ஆயுசு பூரா கடையில உக்காந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்ட வேண்டியதுதான்" என்று சொல்லித்தான் மாமா அவனைத் தன்னோடு விமானத்தில் ஏற்றினார்.

அதனால் பயல் உஷாராகவே இருந்தான். சார்ஜரின் முதுகில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்து வோல்டேஜ் பார்த்தான். அந்த ஊர் பிளக்குக்கு அடாப்டர் மாட்டினான். மெத்தைமேல் வைக்காமல், மேஜையில் இடம்விட்டு நாலு பேட்டரியையும் அடுக்கினான். சிவப்பு விளக்கு எரிந்தது; ஏறி முடிந்தால் பச்சையாக வேண்டும். ஹோட்டல் அறை வாசலோரம் சுவரில் செருகியிருந்த சாவி அட்டையை உருவி, கதவைப் பூட்டிக்கொண்டு, கல்யாண மண்டபம் பார்க்க மாமாவோடு கிளம்பினான்.

சாயங்காலம் திரும்பி வந்து அட்டையைச் செருகினால், அதே சிவப்பு விளக்கு.

"இன்னுமாடா ஏறல?"

"அடாப்டர் மட்டமா இருக்கும் மாமா."

கடை தேடிப் போய்ப் புது அடாப்டர் வாங்கி வந்தார்கள். அப்போதும் அட்டையை உருவியது அவன்தான். வந்து மாட்டினால், பச்சை வராமல் மறுபடியும் சிவப்பு. விடிந்தால் கல்யாணம். மாமாவுக்குத் தலைக்கேறிவிட்டது. "இவனுங்க கரண்ட்டே சரியில்ல. கீழ போய் நாலு வார்த்தை கேட்டாத்தான் சரிப்படும்!" என்று அட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அறை இருண்டது. ஏசி நின்றது. நாலு சிவப்பு விளக்கும் ஒன்றாக அணைந்தன.

மச்சான் சுவரில் அட்டை செருகும் காலி இடத்தைப் பார்த்தான். செருப்புகூடப் போடாமல் படியில் ஓடினான். கீழே மாமா தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் வரவேற்பறைப் பெண்ணை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, நிறுத்துங்க! கரண்ட் உங்க சட்டைப் பையில இருக்கு."

மாமா பையைத் தடவிப் பார்த்தார். புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தக் கார்டு சுவத்துல இருந்தாத்தான் ரூமுக்கே கரண்ட் மாமா. முன்னாடி ரெண்டு தடவையும் நான்தான் உருவினேன். இப்ப நீங்க."

மாமா அந்தப் பெண்ணைப் பார்த்து அசடு வழிந்துவிட்டு, அட்டையை அவன் கையில் திணித்தார். "போய்ச் செருகிட்டு, ஏறி முடியுற வரைக்கும் பேட்டரி பக்கத்துலயே உக்காரு. இதை உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காதே."

மச்சான் அசையவில்லை. "பாஸ்போர்ட் சைஸ் போட்டோ யாரு மாமா வெட்டுறது?"

"அதுக்கு வேற ஆள் போட்டுக்கலாம்டா, ஓடு!"